சுயபுத்தியும் கடைமடைத் தண்ணீரும்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் எதற்குள் நுழைந்தாலும் நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரத்தின் ஐந்தாம் வசனம், அடுத்த வசனத்தின் தொடக்கத்தோடு, எங்காவது ஓரிடத்தில் இருக்கும். காலண்டரில் இருக்கும், கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரத்தில் இருக்கும், ஆட்டோவின் பின்கண்ணாடியில் இருக்கும். "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து, உன் வழிகளிலெல்லாம் அவரை நினைத்துக்கொள்." பொறையாறு, தரங்கம்பாடிப் பக்கம் ஞாயிறு பள்ளிக்குப் போன பிள்ளை எதை மறந்தாலும் இதை மறக்காது.

வசனத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது யாரிடம் சொல்லப்படுகிறது என்பதில்தான் குறை. சென்னைக்குப் போய்ப் படிக்கிறேன் என்று சொல்லும் பெண்ணிடம் சொல்வார்கள். சபைக் கணக்கில் இந்தத் தொகை எங்கே போனது என்று கேட்கும் இளைஞனிடம் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரிடம் காட்டலாமா என்று தயங்கும் மருமகளிடம் சொல்வார்கள். சபைத் தேர்தல் வந்து, இன்ன தெருவில் இத்தனை ஓட்டு என்று பெரியவர்கள் விரல்விட்டு எண்ணும்போது மட்டும் இந்த வசனம் யார் வாயிலும் வராது. கேள்வி கேட்பவனை உட்கார வைக்க ஒரு வசனம் வேண்டியிருக்கிறது, இது தோதாக அமைந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஆனால் இதைத் தள்ளிவிட்டும் போக முடியவில்லை. காவிரி டெல்டாவின் கடைமடையில், வாய்க்கால் முடிகிற கடைசி வயல்களின் பக்கத்தில், பிறந்தவர்களுக்கு இந்த வசனம் வேறொரு பக்கத்திலிருந்து வந்து பிடித்துக்கொள்கிறது.

உபாகமம் பதினோராம் அதிகாரத்தில் ஒரு பகுதி உண்டு. கானானுக்குள் போகப்போகிற ஜனங்களிடம் மோசே சொல்கிறார்: நீங்கள் போகும் தேசம் விட்டுவந்த எகிப்தைப்போல் இராது. எகிப்தில் விதை விதைத்து, கீரைத்தோட்டத்துக்கு இறைப்பதுபோல் காலால் நீர் பாய்ச்சினீர்கள். இதுவோ மலைகளும் பள்ளத்தாக்குகளும் உள்ள தேசம், வானத்து மழையைக் குடிக்கும் தேசம், வருஷத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை கர்த்தரின் கண் அதன்மேல் இருக்கும். ஆற்றுத் தண்ணீர் இருக்கிறவனுக்கு வானத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மழையை நம்புகிறவனுக்கு வேறு வழி இல்லை. இரண்டு தேசத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக மோசே இதைத்தான் எடுத்துச் சொல்கிறார்.

அப்படிப் பார்த்தால் நாம் எகிப்துக்காரர்கள். சமவெளி, ஆறு, வாய்க்கால், மதகு, மடை. இரண்டாயிரம் வருஷமாகக் கல்லணையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் மழை எங்கே பெய்கிறது என்பதுகூட நம் கவலை இல்லை என்று ஆகிவிட்டது. குடகில் பெய்தால் போதும். 120 அடி உயரம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு, ஜூன் 12-ஆம் தேதி திறப்பு. டெல்டாவில் சிறு பிள்ளைக்கும் இந்த எண்கள் தெரியும். எங்கள் ஊர் டீக்கடையில் காலையில் பேப்பரை எடுக்கிறவர் முதலில் தேடுவது இன்றைய நீர்மட்டம் எத்தனை அடி என்பதைத்தான். ஜெபத்தைவிட ஒழுங்காக நடக்கிற காரியம் அது.

(இங்கே ஒரு சின்ன ஊர்ப் பெருமை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டபின் பழைய ஏற்பாட்டையும் மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1719-இல் 36 வயதில் இறந்தபோது ரூத் புத்தகம் வரை முடித்திருந்தார். உபாகமமும் அதற்குள் அடக்கம். எகிப்தின் வாய்க்கால்களைப் பற்றிய அந்த வரிகளை அவர் தமிழில் எழுதிய இடம் காவிரி வாய்க்கால்களின் கடைசி முனை. அவர் அதைக் கவனித்திருப்பாரா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.)

சரி, எகிப்துக்காரர்களான நம் கணக்கு எப்படி நடந்தது? 2016-இல் ஜூன் போய், ஜூலை போய், செப்டம்பர் 20-இல்தான் மேட்டூர் திறந்தது. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். அந்த வருஷமோ அக்டோபர் 2 வரை திறக்கவில்லை. ஜூன் தண்ணீரை நம்பி நடும் குறுவை என்ற சொல்லே மறந்துபோகும் போலிருந்தது. இதற்கு நேர் எதிராக 2022. அணை கிட்டத்தட்ட நிரம்பி, மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை. ஊரில் எல்லார் முகத்திலும் சிரிப்பு. அந்த நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சம்பா நடவு தண்ணீருக்கடியில் கிடந்தது. ஆற்றை நம்பினவனுக்கு வானம் வந்து பதில் சொல்லிவிட்டுப் போனது.

இதிலிருந்து "பார்த்தீர்களா, மனுஷ புத்தியால் ஒன்றும் ஆகாது" என்று ஒரு பிரசங்கம் பிடிப்பது மிக எளிது. கேட்டும் இருக்கிறேன். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த வெள்ளத்தில் எதையாவது மிச்சப்படுத்தியவர்கள், வடிகாலை ஐப்பசிக்கு முன்பே தூர்வாரி வைத்தவர்களும் பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டியவர்களும்தான்.

காப்பீட்டைப் பற்றி எங்கள் சபையில் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. சம்பாவுக்கு நவம்பர் நடுவில் கெடு முடியும். கூட்டுறவு வங்கி வாசலில் அடங்கலும் சிட்டாவும் ஆதார் நகலுமாக வரிசை நிற்கும். அந்தச் சமயத்தில் வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒருவர், "காப்பீடு கட்டுறது அவிசுவாசம் இல்லையா? நமக்கு ஆண்டவர் இருக்காரே" என்றார். பக்தியோடுதான் சொன்னார். எங்கள் பாட்டி அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ராத்திரி கதவைத் தாழ் போடாமலா படுக்கிறே?" என்று கேட்டாள். கூட்டம் அதோடு கலைந்தது.

பாட்டியிடம் வேதாகம ஆதாரமும் இருந்தது, ஆனால் அவள் அதை எடுக்கவில்லை. ஏசாயா 28-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. உழுகிறவன் நாள் முழுக்க உழுதுகொண்டே இருப்பானா, நிலத்தை நிரவினபின் அததற்கேற்ற இடத்தில் உளுந்தைத் தெளிக்கிறான் அல்லவா, சீரகத்தைத் தூவுகிறான் அல்லவா என்று தீர்க்கதரிசி கேட்கிறார். அப்புறம் சொல்கிறார்: "அவனுடைய தேவன் அவனை நன்றாய்ப் போதித்து, அவனை உணர்த்துகிறார்." உளுந்து என்றதும் டெல்டாக்காரன் நிமிர்ந்து உட்காருவான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், வயலில் மெழுகுபோல் ஈரம் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தை விசிறுகிறோம். ஒரு நாள் முந்தினால் விதை அழுகும், பிந்தினால் முளைக்காது. காலால் மண்ணை மிதித்தே பதம் சொல்லிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் காலின் அறிவையும் கர்த்தர் கொடுத்தது என்கிறது ஏசாயா. அதைக் கொடுத்தவரே அதை உபயோகிக்காதே என்று நீதிமொழிகளில் சொல்லியிருப்பாரா?

அப்படியானால் எதன்மேல் சாயக் கூடாது? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் யோசுவா 9. கிபியோனியர் பக்கத்து ஊர்க்காரர்கள். தூர தேசத்திலிருந்து வருவதுபோல் வேஷம் போட்டு உடன்படிக்கை கேட்டு வருகிறார்கள். இஸ்ரவேலர் ஒன்றும் ஏமாளிகளாக உட்கார்ந்திருக்கவில்லை. "நீங்கள் எங்கள் நடுவிலே குடியிருக்கிறவர்களாக்கும்" என்று முதலிலேயே சந்தேகப்படுகிறார்கள். ஆதாரம் கேட்கிறார்கள். உலர்ந்து பூத்துப்போன அப்பம் காட்டப்படுகிறது, கிழிந்த திராட்சரசத் துருத்திகள், தேய்ந்த பாதரட்சைகள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். பத்திரம் பதிகிறவன் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதுபோல். ஆனால் "கர்த்தருடைய வாக்கைக் கேளாமல்" முடிவு செய்தார்கள் என்று வேதம் குறித்து வைக்கிறது. பூஞ்சை பிடித்த அப்பம் கண்முன் இருக்கும்போது இன்னும் யாரைக் கேட்பது என்று இருந்துவிட்டார்கள். அவர்கள் புத்தியைக் கொஞ்சமாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. அதற்கு மேலே இன்னொருவர் பேசக்கூடும் என்பதற்குத்தான் இடம் வைக்கவில்லை.

இதே தவறு பக்தி வேஷத்திலும் வரும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம் அல்லவா? "உன் எல்லையை விரிவாக்குவேன்" என்று ஒருவருக்கு வந்துவிட்டால் பொங்கலுக்குள் பக்கத்து மனையை வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். "கர்த்தர் வாசலைத் திறந்திருக்கிறார்" என்று சாட்சி வேறு. விருப்பம் அவருடையது, கணக்கு அவருடையது, கையெழுத்து மட்டும் கர்த்தருடையது. என் பார்வையில் சுயபுத்தியின் ஆகப் பெரிய சாமர்த்தியம் இதுதான், தேவசித்தம் என்று பெயர் மாற்றிக்கொண்டு வருவது. காப்பீடு கட்டுகிறவனைக் காட்டிலும் இவரைப் பார்த்துத்தான் நான் பயப்படுகிறேன்.

தஞ்சாவூரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை வாசித்த பிறகுதான் எனக்கு அந்த வசனம் கொஞ்சம் பிடிபட்டது.

சுவார்ட்ஸ் ஐயர் 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி. திருச்சியில் பல வருஷம் ஊழியம் செய்துவிட்டு, பின்பு தஞ்சாவூரில் தங்கி, 1798-இல் அங்கேயே இறந்தவர். 1780-இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. அதைத் தொடர்ந்து தஞ்சைச் சீமை நாசமானது. ஊர்கள் காலி. வாய்க்கால்களைப் பார்க்க ஆளில்லை. கோட்டைக்குள் ஜனம் வந்து அடைந்தது. பட்டினியில் தெருவிலேயே செத்து விழுந்தார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கோட்டைக்குள் கொண்டுவர மாடு இல்லை, மாடு வைத்திருந்தவன் வரவில்லை. ஏன் வருவான்? முன்பு கொண்டுவந்து கொடுத்த நெல்லுக்கு அதிகாரிகள் காசு கொடுக்கவில்லை. மாட்டையும் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. ராஜா உத்தரவு போட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. நம் எல்லாருடைய நாணயமும் போய்விட்டது, சுவார்ட்ஸை ஜனங்கள் நம்புகிறார்களா என்று பார்ப்போம் என்று ராஜாவே சொன்னதாகச் சுவார்ட்ஸின் கடிதம் பதிவு செய்கிறது. அவர் கிராமங்களுக்குச் சொல்லியனுப்பினார்: உங்களுக்குச் சேரவேண்டியதை என் கையால் கொடுப்பேன், வழியில் எதிரி மாட்டைப் பிடித்தால் அதற்கும் விலை கொடுப்பேன். ஒன்றிரண்டு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. உபதேசியாரையும் சபையாரையும் அனுப்பி, குறுகிய காலத்தில் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் சேர்த்தார். பேசின பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார்.

இந்தக் கதையில் புத்தியில்லாதவன் என்று யாரும் இல்லை. நெல்லை மறைத்து வைத்த குடியானவன் செய்தது சரியான கணக்கு. காசு தராமல் பிடுங்கிய அதிகாரிக்கும் ஒரு கணக்கு இருந்தது, யுத்த காலத்தில் படைக்குச் சோறு போட வேண்டுமே. ஒவ்வொருவரும் தன் தன் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். கூட்டிப் பார்த்தால் தெருவில் பிணம். இதைத்தான் சுயபுத்தி என்று நான் புரிந்துகொள்கிறேன். முட்டாள்தனத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. தன் வரப்போடு நின்றுவிடுகிற, தன் வரப்புக்குள் முழுக்கச் சரியாக இருக்கிற புத்தி அது.

சுவார்ட்ஸுக்கும் புத்திக்குக் குறைவில்லை. யுத்தம் வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, நெல் மலிவாக இருந்தபோதே வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். அதை வைத்து எத்தனையோ பேருக்குக் கஞ்சி ஊற்றினார். கர்த்தர் மன்னா பொழிவார் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஆனால் அதிகாரிகளிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. தனக்கு என்ன மிஞ்சும் என்ற கணக்கை அவர் ஏற்கெனவே வேறொருவர் கையில் கொடுத்துவிட்டிருந்தார். அதனால்தான் மாடு போனால் விலை என் பொறுப்பு என்று அவரால் சொல்ல முடிந்தது, கேட்டவர்களாலும் நம்ப முடிந்தது. அவரை நம்பி மாட்டை ஓட்டிவந்தவர்களில் அநேகர் கிறிஸ்தவர்கள் அல்லர். அவருடைய கர்த்தரைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? இந்த ஆள் சொன்னால் கொடுப்பான் என்பது தெரிந்திருந்தது.

கர்த்தரை நம்புகிறேன் என்கிற ஒருவரைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அவருடைய சாட்சி எத்தனை நிமிஷம், எத்தனை நாள் உபவாசம் என்பதெல்லாம் இருக்கட்டும். பக்கத்து வயல்காரர் அவரை நம்புகிறாரா?

பக்கத்து வயல் என்று சும்மா சொல்லவில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை பிரிந்து, வீரசோழன் ஆற்று வழியாக எங்கள் வாய்க்காலுக்கு வர வாரங்கள் ஆகும். அதற்குள் மேலே இருக்கிறவர் ஒவ்வொருவரும் கொஞ்சம் கூடுதலாக மடையைத் திறந்து வைத்தால் போதும். ஒருவரும் திருடவில்லை, அவரவர் பயிருக்குத்தான் பாய்ச்சுகிறார்கள். கடைமடை காய்ந்துவிடும். முறை வைத்துப் பாய்ச்சுவது என்ற பழைய வழக்கம் இதற்காகத்தான் வந்தது. உன் முறை முடிந்தால், உன் வயல் இன்னும் குடிக்கும் என்று தெரிந்தாலும், மடையை அடைக்க வேண்டும். அந்த ராத்திரியில் மண்வெட்டியோடு நிற்கிறவனுக்கு நீதிமொழிகள் 3:5 என்ன சொல்கிறது என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் இந்தக் கடற்கரை நெடுக இறால் பண்ணைகள் வந்தன. விளையாத மண்ணுக்கும் நல்ல குத்தகை கொடுத்தார்கள். எங்கள் நிலத்துக்கும் கேட்டு வந்தார்கள். நெல்லில் பார்க்க முடியாத பணம். அக்காவின் கல்யாணம் வேறு முன்னால் நின்றது. பெரியப்பா தன் பங்கை உடனே கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் அப்பா ஜெபித்தார், விவசாய அலுவலகத்தில் விசாரித்தார், பண்ணை வந்த ஊர்களுக்குப் போய்க் குடிதண்ணீர்க் கிணறுகளைப் பார்த்தார். உப்பு கரித்தது. திரும்பி வந்து முடியாது என்று சொல்லிவிட்டார்.

பெரியப்பாவுக்குக் கோபம். "தம்பி, கர்த்தர் வாசலைத் திறந்து வெச்சிருக்காரு. நீ போய் மூடுறியே?"

"அண்ணே, நம்ம கீழண்ட வயக்காரருக்கு இது எந்த வாசல்ண்ணே?" என்று மட்டும் அப்பா கேட்டார்.

கீழண்டை வயல்காரரிடம் இருந்தது இரண்டே மா, ஒரு ஏக்கர்கூட வராது. அதற்கு எங்கள் நிலத்தைத் தாண்டித்தான் தண்ணீர் போக வேண்டும். அவர் எங்கள் சபையும் இல்லை, எங்கள் சாதியும் இல்லை.

இதற்குப் பிரதிபலன் கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணைகளுக்குத் தடை விதித்தது. ஆனால் அதற்குள் பெரியப்பா மாடி வீடு கட்டியிருந்தார், அண்ணன்களைப் படிக்க வைத்திருந்தார். அக்காவின் கல்யாணத்துக்கு அப்பா கடன்தான் வாங்கினார். உப்பு வேண்டாம் என்று காத்த நிலத்துக்குள் 2004 டிசம்பர் 26-இல் கடலே வந்துவிட்டது. இருவர் நிலத்திலும் ஒரே மாதிரி வெள்ளை பூத்தது. அந்த வசனத்தின் தொடர்ச்சியாக வரும் பாதைகளைச் செவ்வைப்படுத்துவார் என்ற வாக்குக்கு இதுதான் அர்த்தமா என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். அப்பா பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

உப்பு பாய்ந்த நிலத்தைத் திருத்த ஜிப்சம் போட்டு உழுது, வரப்பை உயர்த்தி, மழைத் தண்ணீரைத் தேக்கி வடிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். அந்த உப்புத் தண்ணீர் போக எங்களுக்கு இருந்த ஒரே வழி கீழண்டை வயலின் ஓரம். அவர் நிலமும் அடிபட்டுத்தான் கிடந்தது. அப்பா போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை. "வடிச்சு விடுங்க ஐயா, நான் என் பக்கம் ஓரமா வாய்க்காலு வெட்டி விட்டுடறேன்" என்றார். பெரியப்பா நிலத்துக்குக் கீழே இருந்தவர்கள் அப்படி விடவில்லை. அந்த வடிகால் தகராறு போலீஸ் ஸ்டேஷன் வரை போனது.

பெரியப்பா இன்றும் அப்பாவின் முடிவை நஷ்டக் கணக்கில்தான் எழுதுகிறார். ரூபாயில் பார்த்தால் அவர் சொல்வது சரிதான்.